ஏடிவியில் கர்நாடகா முழுக்க ஒரு சுற்று: நாலு சக்கரம் இருந்தால் விழாதா?

மே 30, இரவு 10.40
(பெங்களூரு எச்.எஸ்.ஆர். லேஅவுட் வாசகர் கேட்டது)

நந்தி மலை அடிவாரத்தில் ஒரு ரிசார்ட்டில் ஏடிவி, அதாவது கரடுமுரடான தரையில் ஓடும் நாலு சக்கர பைக், ஓட்டினேன். செம அனுபவம். சொந்தமாக ஒன்று வாங்கி கர்நாடகா முழுக்க ஒரு சுற்று போகலாம் என்று நானும் ரூம்மேட்டும் முடிவு பண்ணிவிட்டோம். ராமநகரம், சண்டூர், சிக்கமகளூர், சக்லேஷ்பூர், கடைசியில் கார்வார் கடற்கரை. பைக்கைவிட இது சேஃப். நாலு சக்கரம் இருப்பதால் கீழே விழாது. ரூம்மேட் பின்னால் உட்கார்ந்துகொள்வான். நல்ல ரூட் யாராவது சொல்லுங்கள்.

மே 30, இரவு 11.50

விழும்.

மே 31, காலை

ஒரு வார்த்தையில் முடித்ததற்கு ராத்திரியே திட்டு வந்திருக்கிறது. சரி, விரிவாகவே எழுதுகிறேன்.

பைக்கில் விழுந்தால் பெரும்பாலும் வண்டி ஒரு பக்கம் போகும், நாம் ஒரு பக்கம் போவோம். ஏடிவி புரண்டால் நம் மேலேயே வந்து உட்காரும். 570 சிசி வண்டி என்றால் 300 கிலோவுக்கு மேல். அதைத் தூக்கி நம்மை வெளியே இழுக்க ஆள் வேண்டும், அந்த ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

வளைவில் பைக் தானே சாயும். ஏடிவி சாயாது. நாம்தான் சாய வேண்டும். இடது வளைவு என்றால் இடுப்பை சீட்டின் இடது ஓரத்துக்கு நகர்த்தி, வலது காலால் ஃபுட்பெக்கை அழுத்த வேண்டும். சின்ன வண்டிகளில், அதாவது 110, 125 சிசியில் செயின் ஓடும் வகையில், பின்பக்கம் ஒரே ஆக்சில்தான். டிஃப்ரன்ஷியல் கிடையாது. உள்சக்கரமும் வெளிச்சக்கரமும் ஒரே வேகத்தில்தான் சுற்றும். கெட்டித் தரையில் ஹேண்டிலைத் திருப்பினாலும் வண்டி நேராகவே போவேன் என்று அடம்பிடிக்கும். உடம்பை நகர்த்தி உள்சக்கரத்தின் பாரத்தைக் குறைத்தால்தான் திரும்பும். இதைச் சொல்லித் தராமல் சாவியைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். முதல் வளைவிலேயே வேலிக்குள் போகிறவர்கள் அதிகம்.

அடுத்தது கால். பைக் ஓட்டிப் பழகியவன் வண்டி லேசாகச் சாய்ந்தாலே காலைத் தரையில் ஊன்றுவான். ஏடிவியில் ஊன்றினால் பின் டயர் கெண்டைக்கால் மேல் ஏறும். தேவனஹள்ளிப் பக்கம் ஒரு டிராக்கில் என் கண் முன்னால் ஒரு பையனுக்கு நடந்தது. ஷூவின் குதிகால் டயருக்கும் ஃபுட்ரெஸ்ட்டுக்கும் நடுவில் மாட்டி, ஷூ மட்டும் தனியாகப் பின்னால் பறந்தது. கால் தப்பியதற்குக் காரணம் அவன் லேஸ் கட்டவில்லை என்பதுதான். இதை வைத்து லேஸ் கட்டாமல் போகாதீர்கள்.

ஹோண்டா 1970-இல் மூன்று சக்கர ஏடிவி கொண்டு வந்தது. அது புரண்டு புரண்டு ஆட்களைக் கொன்று, கடைசியில் 1988-இல் அமெரிக்காவில் மூன்று சக்கர வண்டி விற்பனையையே கம்பெனிகள் நிறுத்த வேண்டியதாயிற்று. நாலு சக்கரம் அதைவிட மேல். அவ்வளவுதான் உத்தரவாதம்.

மே 31, மாலை

ரூம்மேட் விஷயம் விட்டுப்போனது. அந்த நீளமான சீட் இன்னொரு ஆளுக்காக இல்லை. ஏற்றத்தில் முன்னால் நகரவும் இறக்கத்தில் பின்னால் நகரவும் நமக்கே அந்த இடம் வேண்டும். பின்னால் 70 கிலோ உட்கார்ந்தால் மேட்டில் முன்சக்கரம் எழும்பும். இரண்டு பேருக்கென்றே வீல்பேஸ் நீட்டிச் செய்த மாடல்கள் தனியாக உண்டு. மற்றதில் எல்லாம் ஃபெண்டர் (மட்கார்டு) மேலேயே ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், ஆளை ஏற்றாதே என்று. ரிசார்ட்டுகளில் அதைக் கிழித்துவிட்டு கைடை ஏற்றுகிறார்கள்.

ஜூன் 1

"வாங்கினால் ரிஜிஸ்ட்ரேஷன் எந்த ஆர்டிஓவில்" என்று எலெக்ட்ரானிக் சிட்டி தம்பி கேட்கிறார். சாதாரண ஏடிவிக்கு நம் நாட்டில் நம்பர் பிளேட் கிடைக்காது. மோட்டார் வாகனச் சட்டத்தில் அதற்கென்று ஒரு வகையே இல்லை. அந்தச் சட்டம், தொழிற்சாலை அல்லது வேலி போட்ட வளாகத்துக்குள் மட்டும் ஓடுவதற்கென்று செய்த சிறப்பு வண்டிகளை "மோட்டார் வாகனம்" என்ற வரையறையிலேயே சேர்ப்பதில்லை. ரிசார்ட்டுக்காரர்கள் அந்த நிழலில்தான் ஓட்டுகிறார்கள். கேட்டைத் தாண்டி கிராமத்துத் தார் ரோட்டில் நூறு அடி போனாலும் பதிவில்லாத, இன்சூரன்ஸ் இல்லாத வண்டி பொது ரோட்டில் போகிறது என்றுதான் கணக்கு. குறுக்கே ஒரு பாட்டி வந்துவிட்டால் பணம் முழுக்க நம் பாக்கெட்டிலிருந்து.

போலாரிஸ் ஒரு காரியம் செய்தது. ஸ்போர்ட்ஸ்மேன் 570-ஐ டிராக்டர் வகையில் பதிவு செய்யும்படி கொண்டு வந்தது. அதற்கு நம்பர் பிளேட் உண்டு, ரோட்டில் போகலாம். ஆனால் 2023 ஆகஸ்ட் 1 முதல் பெங்களூரு–மைசூரு எக்ஸ்பிரஸ்வேயின் நடுப்பாதையில் பைக், ஆட்டோ, டிராக்டர் எல்லாவற்றுக்கும் தடை. ஆகையால் நம் சாகச வீரர் கரும்பு லோடு டிராக்டர்களுக்குப் பின்னால் சர்வீஸ் ரோட்டில் ராமநகரம் போய்ச் சேர வேண்டும்.

சுருக்கமாக, ஏடிவியில் கர்நாடகாவைச் சுற்ற முடியாது. ஏடிவியைப் பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு சுற்றலாம். ஒவ்வொரு இடத்திலும் இறக்கி, அந்த மண்ணில் ஓட்டி, மறுபடி ஏற்ற வேண்டும். நான் முருகேஷ்பாளையாவில் இருக்கிறேன், தொழில் ஜெனரேட்டர் சர்வீஸ். எஸ்டேட், குவாரி, பண்ணை என்று மாநிலம் முழுக்கப் போவேன். ஏடிவி வைத்திருக்கும் முதலாளிகள் அதில்தான் என்னை ஜெனரேட்டர் ஷெட்டுக்கு அனுப்புவார்கள். என் ஓட்டமெல்லாம் அப்படிக் கிடைத்தது. சொந்த வண்டி இல்லை. இதைச் சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் "எந்த மாடல் வைத்திருக்கிறீர்கள் அண்ணா" என்று கேட்க வேண்டாம்.

ஜூன் 3

ரூட் கேட்டார், நான் சட்டம் பேசிக்கொண்டிருக்கிறேன். மண்ணுக்கு வருவோம். நான் சொல்ல வேண்டியதே அதுதான். இந்த மாநிலத்தில் நூறு, நூற்றைம்பது கிலோமீட்டருக்கு ஒரு தடவை தரை மாறிவிடும். ஒரு தரையில் கை பழகிய பழக்கம் அடுத்த தரையில் ஆளைத் தள்ளிவிடும்.

ராமநகரம். கருங்கல் பாறை. க்ளோஸ்பேட் கிரானைட் என்று புவியியல்காரர்கள் சொல்வது இதைத்தான், ராமநகரத்தின் பழைய பெயர் க்ளோஸ்பேட். வயது சுமார் 250 கோடி ஆண்டு. காய்ந்திருக்கும்போது இந்தப் பாறையில் டயர் பிடிக்கிற பிடி வேறு எங்கேயும் கிடையாது. ஏறவே முடியாது என்று தோன்றும் சரிவில் லோ கியரில் ஏறிவிடும். ஆபத்தே அங்கேதான். பிடி அதிகம் என்பதால் டயர் வழுக்காமல் வண்டி அப்படியே பின்னால் கவிழும். மண்ணில் சக்கரம் சுழன்று நின்றுவிடும் இடத்தில் பாறையில் முன்பக்கம் வானம் பார்க்கும். உடம்பை ஹேண்டில் மேல் போட வேண்டும், த்ராட்டிலை ஒரே சீராக அழுத்த வேண்டும். ஒரு தூறல் விழுந்தால் இதே பாறை வேறு ஆளாகிவிடும். காய்ந்து கறுப்பாக ஒட்டியிருக்கும் பாசி நனைந்தால் அதன் மேல் நடக்கக்கூட முடியாது.

ராமதேவர பெட்டா (மலை) பக்கம் போகாதீர்கள். 2012-இல் கழுகுச் சரணாலயம் ஆக்கிவிட்டார்கள். நீளமூக்குக் கழுகு கூடு கட்டும் பாறைக்குக் கீழே எஞ்சினை முறுக்குவது அசிங்கம். கனகபுரா ரோட்டில் தனியார் நிலத்தில் ஓட்ட விடுகிறவர்கள் இருக்கிறார்கள், அங்கே கேளுங்கள்.

போகிற வழியில் பிடதி தட்டு இட்லி. காலை 7 மணிக்கு முன்னால் போனால் உட்கார இடம் கிடைக்கும். சாப்பிட்டு உடனே வண்டியில் ஏறாதீர்கள், குலுக்கலில் இட்லியும் வெண்ணெயும் மறுபடி மேலே வந்து வணக்கம் சொல்லும்.

ஜூன் 4

கோலார் தங்கவயல் ஆண்டர்சன்பேட்டைக்காரர் ஒருவர் கேட்டிருக்கிறார்: எங்கள் ஊர் சயனைடு மேட்டில் ஓட்டலாமே, ஏன் யாரும் சொல்வதில்லை என்று.

பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். மஞ்சள் வெளுத்த மேடு, மரமில்லை, வேலியில்லை, மழை அறுத்த ஓடைகள். ஆனால் அது என்ன? தங்கக் கல்லை மாவாக அரைத்து சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்தெடுத்தபின் கொட்டிய மிச்சம். நூறு ஆண்டுக்கு மேல் சேர்ந்தது. சுரங்கம் 2001-இல் மூடியபிறகு அதைக் கேட்பார் இல்லை. கோடைக்காற்றில் அந்தத் தூள் கீழே லைன் வீடுகளுக்குள் போகிறது என்பது உங்களுக்குத்தான் தெரியும், நான் சொல்ல வேண்டியதில்லை. அதன் மேல் காய்ந்து பொருக்குத் தட்டியிருக்கும் ஏடுதான் கொஞ்சமாவது தூசியை அடக்கி வைத்திருக்கிறது. நாலு டயரால் அதைக் கிழித்துவிட்டு ஞாயிறு மாலை பெங்களூருக்குத் திரும்பிவிடலாம். அந்தத் தூசி விழுவது நம் சாப்பாட்டுத் தட்டில் இல்லையே. வடாற்காட்டிலிருந்து வந்து அந்தக் கல்லை வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் அங்கேதான் இருக்கிறார்கள்.

ஓட்டுகிறவனுக்கும் ஆபத்து உண்டு. அந்த ஓடைகளின் விளிம்பு மேலே கெட்டியாகத் தெரியும், அடியில் தண்ணீர் அரித்து வெறும் காற்று.

ஜூன் 8

காபித் தோட்டம். இதைப் பற்றி நீளமாக எழுதப் போகிறேன். ஏடிவி என்ற வண்டிக்கு இந்த மாநிலத்தில் உண்மையான வேலை இருக்கும் இடம் இதுதான்.

குடகு, சிக்கமகளூர், சக்லேஷ்பூர் எல்லாம் ஏறக்குறைய ஒரே அமைப்பு. மேலே சில்வர் ஓக், அதில் மிளகுக்கொடி, கீழே காபிச் செடி, நடுவில் ஒரு ஜீப் போகும் அகலத்துக்குப் பாதை. ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் சரிவு, மேட்டின் ஓரமாகத் தண்ணீர் ஓடும் வாய்க்கால். மண் சிவப்பு, மேலே சருகு. சருகுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாது. வேர் இருக்கலாம், கல் இருக்கலாம், போன வாரம் யாரோ பைப் புதைத்த பள்ளம் இருக்கலாம்.

சக்லேஷ்பூர் பக்கம் ஒரு எஸ்டேட்டில் மழை விட்ட மறுநாள், மேலே பம்ப் ஷெட் வரை போக வேண்டியிருந்தது. ரைட்டர், அதாவது எஸ்டேட் கணக்குப்பிள்ளை, முன்னால் ஒரு வண்டியில், நான் பின்னால் இன்னொன்றில். இறக்கத்தில் நான் த்ராட்டிலை முழுக்க விட்டுவிட்டு பிரேக்கை மட்டும் பிடித்தேன். வண்டி அவிழ்த்து விட்டபடி ஓட ஆரம்பித்தது. எஞ்சின் பிரேக்கிங் சுத்தமாக இல்லை. ரைட்டர் திரும்பிப் பார்த்துக் கன்னடத்தில் கத்தினார், "ஸ்வல்ப கொடி, ஸ்வல்ப கொடி!" இறக்கத்தில் த்ராட்டில் கொடு என்கிறாரே, பைத்தியமா என்று நினைத்தபடியே கட்டைவிரலை லேசாக அழுத்தினேன். "டக்" என்று ஒரு பிடி. வண்டி அடங்கியது.

காரணம் பெல்ட் ட்ரைவ். இந்த வகை வண்டிகள் பலவற்றில் எஞ்சின் வேகம் ஐட்லிங்குக்கு இறங்கினால் கிளட்ச் பெல்ட்டை விட்டுவிடும், சக்கரம் தன்னிஷ்டத்துக்கு ஓடும். ஒரு துளி த்ராட்டில் கொடுத்தால் மறுபடி பிடிக்கும், அப்புறம் எஞ்சின் இழுத்து நிறுத்தும். லோ கியரில் போட்டு, இறக்கம் தொடங்கும் முன்பே பிடி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு இறங்குவதுதான் முறை.

த்ராட்டில் ஏன் பைக்கைப் போல முறுக்குவதாக இல்லாமல் கட்டைவிரலில் இருக்கிறது என்று அல்சூர் வாசகர் முன்னால் கேட்டிருந்தார். இந்தக் குலுக்கலில் உடம்பு பின்னால் போனால் முறுக்கு த்ராட்டிலைக் கை தன்னையறியாமல் திருகிவிடும், வண்டி பாயும். கட்டைவிரல் என்றால் பிடி நழுவும்போது தானே விட்டுவிடும். இரண்டு மணி நேரம் ஓட்டினால் விரல் மரத்துப் போகும் என்பது வேறு விஷயம்.

ஏற்றத்தில் பாதியில் நின்றுவிட்டால்: பிரேக், பார்க்கிங் லாக், அப்புறம் மேட்டுப் பக்கமாக இறங்குவது. பின்னால் உருளத் தொடங்கிவிட்டால் உடம்பை முன்னால் போட்டு முன் பிரேக்கை மெல்லப் பிடிக்க வேண்டும். பின் பிரேக்கை மட்டும் சட்டென்று மிதித்தால் வண்டி தலைக்கு மேல் வரும்.

அனுமதி கேட்பது எப்படி என்றால், கேட்பதுதான். அராபிகா பறிப்பு நவம்பரில் தொடங்கும், ரொபஸ்டா ஜனவரிக்கு மேல். பறிப்பு நடக்கும்போது பாதையெங்கும் சாக்கும் கூடையும் ஆட்களும். அப்போது உல்லாசத்துக்கு வண்டி ஓட்டக் கேட்டால் முதலாளி காபி கொடுத்து அனுப்பிவிடுவார். ஹோம்ஸ்டே நடத்தும் எஸ்டேட்டுகளில் பறிப்பு இல்லாத பகுதியாகப் பார்த்து விடுவார்கள்.

அட்டை. மழைக்காலத்தில் எஞ்சினை நிறுத்தி இறங்கிய இரண்டாவது நிமிடம் சாக்ஸில் இருக்கும். உப்பு ஒரு பொட்டலம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜூன் 9

டயர் காற்று பற்றிக் கேள்வி மேல் கேள்வி. ஏடிவி டயருக்கு 5, 6 பிஎஸ்ஐ போதும். கார் டயரை நினைத்துக்கொண்டு இதைப் படிக்காதீர்கள். பெட்ரோல் பங்க் மீட்டரில் அவ்வளவு குறைந்த அளவைச் சரியாகப் பார்க்கவே முடியாது. குறைந்த அழுத்த மீட்டர் தனியாக வாங்க வேண்டும், பைசா அதிகம் இல்லை.

எங்கள் ஏரியா பங்க்சர் கடை சேட்டன் ஒரு ரிசார்ட் வண்டிக்கு நல்ல மனதோடு 30 அடித்து அனுப்பினார். அதை ஓட்டியவர் கல் பட்ட இடமெல்லாம் தரையை விட்டு எழும்பினார். இந்த வண்டியில் டயர்தான் பாதி சஸ்பென்ஷன். காற்று ஏறினால் அது போயிற்று.

ஜூன் 9, இரவு

மேலே 5, 6 என்றதைப் பொது விதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று ஹொசூர்க்காரர் ஒருவர் சொல்லியிருக்கிறார், சரிதான். டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருப்பதும் வண்டி மேனுவலும் சொல்வதுதான் கணக்கு. இன்னொன்றையும் சேர்க்கிறேன்: இடதுக்கும் வலதுக்கும் அரை பிஎஸ்ஐ வித்தியாசம் இருந்தாலே வண்டி ஒரு பக்கம் இழுக்கும். "ஹேண்டில் பெண்டு" என்று மெக்கானிக்கிடம் போவதற்கு முன் காற்றைப் பாருங்கள்.

ஜூன் 15

தட்சிண கன்னடத்தில் சுள்ளியா, புத்தூர். யாரும் ரூட்டில் எழுதாத இடம். செம்புரைக்கல் பூமி. ரோட்டை வெட்டினால் பக்கச்சுவர் முழுக்க ஓட்டை ஓட்டையாகச் சிவந்த கல், அதையே செங்கலாக அறுத்து வீடு கட்டுகிறார்கள். காய்ந்தால் அதன் விளிம்பு டயரின் பக்கச்சுவரைக் கிழிக்கும், மழையில் பாசி பிடித்து வழுக்கும். ஆகஸ்டில் அங்கே ஓட்டுகிறேன் என்பவருக்கு ஒன்று சொல்வேன்: நடந்து போய்ப் பாருங்கள், நடக்க முடிந்தால் ஓட்டுங்கள்.

ரப்பர் தோட்டம் ஒன்றில் ஜெனரேட்டருக்கு இன்ஜெக்டர் மாற்றிக்கொண்டிருந்தேன். பால் வெட்டும் அம்மா ஒருவர் நின்று பார்த்துவிட்டு, "தம்பி எந்த ஊரு?" என்றார். சுத்தமான தமிழ், ஆனால் நம் பக்கத்து இழுவை இல்லை, மலையகத்து இழுவை. 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து அனுப்பப்பட்ட குடும்பங்களை கர்நாடக வன வளர்ச்சிக் கழகத்தின் ரப்பர் தோட்டங்களில் குடியமர்த்தினார்கள். மூன்று தலைமுறையாக அங்கே இருக்கிறார்கள். எனக்கு டீ வந்தது. ஏடிவி பார்த்ததுண்டா என்று கேட்டேன். "அந்தக் கத்துற வண்டியா? அது வந்தா நாய் எல்லாம் ஓடும், பால் கப்பைத் தட்டி விட்டுரும்" என்றார்.

ஏடிவியோடு இதற்கு என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். உண்டு. ரப்பர் வெட்டு விடியற்காலையில் நடக்கும், கப்பில் பால் சேர்ந்து எடுத்து முடிய மதியம் ஆகும். அதுவரை தோட்டப் பாதையில் போகக் கூடாது. இதை எந்த வரைபடமும் சொல்லாது.

ஜூன் 22

வடக்கே போவோம்.

பல்லாரி மாவட்டத்துச் சண்டூரில் தூசிதான் எதிரி. இரும்புத்தாதுத் தூள் கலந்த சிவப்பு மண். வண்டி, ஹெல்மெட், பல் எல்லாம் ஒரே நிறம். முன்னால் ஒரு வண்டி போனால் பின்னால் போகிறவருக்கு ஒன்றும் தெரியாது, இடைவெளி விட்டே ஆக வேண்டும். ஃபோம் ஏர் ஃபில்டரைத் தினமும் கழற்றி சோப்புத் தண்ணீரில் அலசி, நிழலில் நன்றாகக் காய வைத்து, ஃபில்டர் ஆயிலில் நனைத்துப் பிழிந்து மாட்ட வேண்டும். எண்ணெய் இல்லாமல் மாட்டினால் தூசி நேராக சிலிண்டருக்குப் போகும். ஒரு வாரத்தில் பிஸ்டன் ரிங் காலி. கம்ப்ரஸர் காற்று அடித்தால் சுத்தமாகிவிட்டது என்று நினைப்பது பெரிய தப்பு, ஃபோம் கிழியும்.

2011-இல் உச்ச நீதிமன்றம் பல்லாரி சுரங்கங்களை நிறுத்தியது. அப்புறம் சில திறந்தன, சில அப்படியே கிடக்கின்றன. கைவிட்ட குழிகளின் விளிம்பில் கொட்டிய மண் கெட்டிப்படாத மண். நின்று ஃபோட்டோ எடுக்கிற இடம் அது இல்லை. சுற்றியிருக்கும் மலைகளில் பெரும்பகுதி காப்புக்காடு, அனுமதி இல்லாமல் வண்டியோடு நுழைவதே குற்றம்.

கதக், நவல்குந்து, விஜயபுரா. கரிசல். கோடையில் அருமை: தட்டை நிலம், வானம், சோளத்தட்டை அறுத்த வயல். வெடிப்புகளை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும், முன் டயர் மாட்டும் அளவுக்கு வாய் பிளந்திருக்கும். ஒரு மழை விழுந்ததும் எல்லாம் முடிந்தது. நாலு டயரும் உளுந்து மாவில் உருட்டி எடுத்த வடையாகிவிடும். டயரின் பட்டன் எல்லாம் மண் அடைந்து வழவழவென்று உருண்டை. ஃபெண்டருக்கும் டயருக்கும் நடுவில் மண் இறுகி சக்கரமே சுற்றாது. 4 வீல் ட்ரைவ் இருந்து பயனில்லை. வண்டியை இழுக்கும் வின்ச் இருக்கிறது என்பீர்கள், எதில் கட்டுவீர்கள்? கண்ணுக்கு எட்டிய தூரம் ஒரு மரம் இல்லை. வேப்பங்குச்சியால் சுரண்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். ஊர்க்காரர்கள் சொல்வது: இரண்டு நாள் வெயில் அடிக்கட்டும், அப்புறம் வா. மாட்டுவண்டிக்காரருக்கே வழி இல்லாத நாளில் நமக்கு என்ன அவசரம்?

ஜூன் 23

நேற்று வரை எழுதியதை மொத்தமாகப் படித்தேன். போகாதே, செய்யாதே என்று மிரட்டுகிற தொனி. நந்தி அடிவாரத்து ரிசார்ட் சுற்றைக் கிண்டல் செய்தது போலவும் இருக்கிறது. அந்தச் சுற்றுகளுக்கு ஒரு நியாயம் உண்டு. தெரிந்த பாதை, தடுப்புக்கு டயர் அடுக்கு, வேகக் கட்டுப்பாட்டு ஸ்க்ரூ போட்ட த்ராட்டில், விழுந்தால் கயிற்றால் எஞ்சினை நிறுத்த ஆள். எட்டு வயதுப் பிள்ளையை மடியில் வைத்து ஓட்டும் அப்பாக்களை மட்டும் தடுத்தால் போதும். பெரியவர்களுக்கான வண்டியில் 16 வயதுக்குக் கீழே ஏற்றக் கூடாது என்றுதான் தயாரிப்பாளர்களே எழுதுகிறார்கள்.

உடம்பை நகர்த்தும் பழக்கத்தை அங்கேயே கற்றுக்கொள்ளலாம். சும்மா சுற்றாமல், ஒரே வளைவில் திரும்பத் திரும்பப் போய் இடுப்பை நகர்த்திப் பாருங்கள். கைடு உங்களை விநோதமாகப் பார்ப்பார். பார்க்கட்டும்.

ஜூலை 6

கார்வார் கடற்கரை. கேள்வி கேட்டவர் இதை விடமாட்டேன் என்கிறார், "சினிமாவில் எல்லாம் ஓட்டுகிறார்களே" என்று.

ஹொன்னாவர், கார்வார் மணலில் ஆலிவ் ரிட்லி ஆமை முட்டையிடும். குளிர்காலம் தொடங்கிக் கோடை வரை. முட்டை மணலுக்குள்ளே இருக்கும், மேலே ஒன்றும் தெரியாது, டயர் ஏறினால் முடிந்தது. பொரித்துக் கடலுக்குப் போகும் குஞ்சுக்கு டயர் தடத்தின் பள்ளமே ஒரு அகழி. லைசென்ஸ் வைத்து ஓரிடத்தில் வளையம் போட்டு ஓட்ட விடுகிறவர்களிடம் ஓட்டுங்கள், நானும் ஓட்டியிருக்கிறேன். உலர் மணலில் காற்றை இன்னும் குறைக்க வேண்டும், நிற்காமல் போக வேண்டும், சட்டென்று திருப்பக் கூடாது. முடிந்ததும் நல்ல தண்ணீரால் ரேடியேட்டர், பேரிங், செயின் எல்லாம் கழுவ வேண்டும். வாடகை வண்டியின் ஃப்ரேமைக் குனிந்து பார்த்தீர்களானால் எத்தனை பேர் கழுவுகிறார்கள் என்று தெரிந்துவிடும். சைலன்ஸர் பிராக்கெட்டை விரலால் தட்டினால் துரு ஏடு ஏடாக உதிரும்.

மரவந்தே பற்றி ஒருவர் கேட்டிருந்தார். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் சௌபர்ணிகா ஆறு, நடுவில் தேசிய நெடுஞ்சாலை 66. கார் ஜன்னலிலிருந்து பாருங்கள், போதும்.

ஜூலை 13

"காலி நிலம்" என்று ஒரு நம்பிக்கை நம் ஆட்களிடம் இருக்கிறது. ஹெசரகட்டா புல்வெளியைப் பார்த்ததும் கை பரபரக்கும், அங்கே ஜீப்பும் பைக்கும் கிழித்த தடங்களை நானே பார்த்திருக்கிறேன். அது தரிசு இல்லை, புல்வெளி. குளிர்காலத்தில் வடக்கேயிருந்து பூனைப்பருந்துகள் வந்து புல்லுக்குள் தரையிலேயே இரவு தங்கும். சள்ளகெரேயில் அமிர்த மஹால் காவல் என்று பரந்த மேய்ச்சல் நிலம். மைசூர் அரசர்கள் காலத்திலிருந்து மாடு மேய்த்த பூமி. அதிலும் ஒரு பெரிய பகுதி விண்வெளிக்கும் அணுசக்திக்கும் ராணுவ ஆராய்ச்சிக்கும் வேலி போட்டுப் போயிற்று. மிச்சத்தில் ஆடு மாடு மேய்க்கிறவர்களுக்கு நாம் வேறு சத்தம் போட வேண்டுமா?

ஒரு மேய்ப்பர் நிற்கிற நிலத்தைக் காலி என்று எப்படிச் சொல்வது? அவரிடமே போய்க் கேட்கலாம். பெரும்பாலும் எந்தப் பக்கம் போகலாம், எந்தப் பக்கம் குட்டி போட்ட ஆடு இருக்கிறது என்று அவரே கை காட்டுவார்.

ஜூலை 14

சின்னது: ஓடை கடப்பது பற்றி. ஃபுட்ரெஸ்ட் உயரத்துக்கு மேல் தண்ணீர் என்றால் இறங்காதீர்கள். கடந்தபின் பிரேக்கை நாலைந்து தடவை தொட்டுக் காய வையுங்கள். பெல்ட் நனைந்து வண்டி கத்துகிறது, நகரவில்லை என்றால் நியூட்ரலில் போட்டுக் கொஞ்சம் முறுக்குங்கள், தண்ணீர் வெளியேறும். கியரில் போட்டு முறுக்கினால் பெல்ட் கருகும், அந்த வாசனை ஒரு தடவை வந்தால் பெல்ட்டுக்குப் பணம் எடுத்து வைத்துவிடலாம்.

ஜூலை 20

கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். வாங்கும் யோசனையைத் தள்ளிவைத்துவிட்டாராம். சக்லேஷ்பூரில் தெரிந்தவர் எஸ்டேட்டில் பறிப்புக்கு முன்னால், அக்டோபர் கடைசியில், மழை குறைந்ததும் இரண்டு நாள். அப்புறம் அங்கிருந்து நேராக கதக் கரிசல். ரூம்மேட்டுக்குத் தனி வண்டி. இரண்டையும் பெங்களூரில் வாடகைக்கு எடுத்து ஒரே பொலேரோ பிக்கப்பில் ஏற்றலாமா என்கிறார்.

ஏறாது. ஒரு ஏடிவி ஏழடி நீளம், நாலடி அகலம். பொலேரோவில் ஒன்றுதான் நிற்கும். டாடா 407-இலும் இரண்டு நிற்காது. 17 அடி ஐச்சர் லாரி பாருங்கள். கட்டும்போது ஹேண்டில்பாரில் கயிறு போடாதீர்கள், ஃப்ரேமில் போட்டு சஸ்பென்ஷன் பாதி அமுங்கும் வரை ராட்செட் பட்டையை இறுக்குங்கள். இல்லையென்றால் ஷிராடி காட் மலைப்பாதைக் குலுக்கலில் பட்டை தளர்ந்து இரண்டு வண்டியும் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும். ஓ, நீங்கள் ஷிராடிக்கு முன்னாலேயே நின்றுவிடுவீர்கள். ஆனாலும் ஹாசன் தாண்டினால் வளைவுகள் ஆரம்பம்தான்.

கதக் பகுதியை மட்டும் மறுபடி யோசியுங்கள். அக்டோபர் கடைசியில் வடகிழக்குப் பருவமழை அங்கேயும் ஒரு கை பார்க்கும், வயலில் கடலையும் சோளமும் விதைத்த சமயமும் அதுதான். பிப்ரவரி கடைசி, மார்ச் என்றால் அறுப்பு முடிந்து தரை காய்ந்திருக்கும்.

ஏற்றி இறக்க சாய்வுப் பலகை இருக்கிறதா என்று வண்டிக்காரரிடம் புக் பண்ணும்போதே கேளுங்கள். இல்லையென்றால் எஸ்டேட்டில் எங்கேயாவது உரம் இறக்கும் மேடை இருக்கும். ஐச்சரை ரிவர்ஸில் அதோடு ஒட்ட நிறுத்தி, பின் டோரைக் கீழே போட்டால் ஏடிவி தானே உருண்டு வந்துவிடும். சாவியை ரூம்மேட்டிடம் கொடுத்துவிட்டு நீங்கள் கீழே நில்லுங்கள், டயருக்குப் பின்னால் இல்லை, பக்கவாட்டில்.